இழுவைக்குப் பழசுதானுங்க

ரெண்டையும் சுத்திப் பாத்தாச்சுங்களா தம்பி? சேரை இப்பிடி நெழலுக்கு இழுத்துப் போட்டு ஒக்காருங்க. அதுல ஒரு காலு கொஞ்சம் ஆடும், உழுவாது. டீ வெச்சிருக்கறேன்.

போன்ல சொன்னீங்களே, தென்னை மட்டை அரைக்கற மெசினு, டிரெய்லர்ல கட்டித் தோட்டந் தோட்டமா இழுத்துட்டுப் போகோணும்னு. மூணு டன் வருமுங்களா? வரும். ரெண்டு வண்டியும் இழுக்கும். ரெண்டும் டீசல்தான், ரெண்டும் பிக்கப்தான். பச்சை பழசு, வெள்ளை புதுசு. நீங்க நேரா ஒரு கேள்வி கேட்டீங்க, எதை எடுத்தா நல்லதுன்னு. நானும் நேராச் சொல்லிப்போடறேன். இழுவைக்குப் பழசுதானுங்க.

இதை நானாச் சொல்லலை. எங்கூட்டுக்காரரு சொன்னது. சென்னியப்பன்னு பண்ணாரிச் செக்போஸ்ட்டுல போயிக் கேளுங்க, திம்பம் மலையில இருவத்தேழு கொண்டை ஊசி வளைவுலயும் எத்தனை காரைக் கட்டித் தூக்கிட்டு வந்திருக்காருன்னு அவிய சொல்லுவாங்க. பிரேக் காஞ்சு போன காரு, ரேடியேட்டர் வெடிச்ச வேனு, எல்லாத்தையும் டிரெய்லர்ல ஏத்திச் சத்தியமங்கலத்துக்குக் கொண்டாந்து உடறதுதான் எங்க பொழப்பு. இருவத்திரெண்டு வருசம். அவரு ஓட்டுவாரு, நானு பக்கத்துச் சீட்டுல. டயருக்குக் கல்லுப் போடறது, சங்கிலி மாட்டறது, வளைவுல எறங்கி நின்னு எதிர்ல வர்ற லாரியை நிறுத்தறது எல்லாம் என்ற வேலை.

பொம்பளை எதுக்கு வண்டியில போறான்னு ஊரெல்லாம் பேசுச்சுங்க. அவரு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு. நானும் ஒரு நாளும் அவரு பேச்சுக்குக் குறுக்க நின்னதில்லைங்க. அப்பிடியொரு குடும்பம்.

பச்சை வண்டி ராணுவத்து வண்டி. நீலகிரிப் பக்கம் ஏலத்துல எடுத்தது. ஏலத்துக்குப் போனப்ப அவரு வேற ஒரு வண்டியைத்தான் பாத்துட்டு இருந்தாரு, சின்னது, லேசானது. நாந்தான் அவரு சட்டையைப் புடிச்சு இழுத்து, "ஏனுங்க, இதை எடுங்க"ன்னேன். டயரு காத்தில்லாம, உள்ள கோழி முட்டை வெச்சிருந்துச்சு. அங்கிருந்தவிய எல்லாம் சிரிச்சாங்க. "அம்மிணி சொன்னாச் செரி"ன்னு எடுத்தாரு. அந்த வண்டிதானுங்க இந்தக் காரைவீடு, அந்த வண்டிதான் பொண்ணு படிச்ச படிப்பு, அந்த வண்டிதான் அவளைப் பெங்களூர்ல கட்டிக் குடுத்தது. அதுனால அந்த வண்டியை யாராச்சும் ஒண்ணு சொன்னா எனக்குச் சுருக்குங்கும். என்னைச் சொல்ற மாதிரி இருக்கும்.

செரி, வண்டியைப் பத்திச் சொல்றேன். பழசுல பம்பு, இன்ஜெக்டர், அவ்வளவுதான். ஒயரு கம்மி. எங்க நின்னாலும் ரெண்டு ஸ்பேனரும் ஒரு துண்டுத் துணியும் இருந்தா ஓட வெச்சரலாம். சின்ன கியரைப் போட்டுட்டு உட்டா, ஒரே சத்தத்துல மலை ஏறும். அவசரப்படாது, நிக்காது. அடிப்பட்டை ஸ்பிரிங்கு அத்தனையும் கனம், எத்தனை பாரம் வெச்சாலும் பின்னாடி குந்தாது. லிட்டருக்கு எட்டுக் கிலோமீட்டருக்கு மேல எதிர்பாக்காதீங்க. பவர் ஸ்டேரிங் கெடையாது. ஏசி கெடையாது. ஆனா இருவத்தஞ்சு வருசத்துக்கு முன்னாடி எடுத்த வெலைக்கு மேலயே இன்னைக்கும் கேக்கறாங்க.

புதுசு ஆம்பளையாட்டம் நிக்கும், பஞ்சாட்டம் ஓடும். பதிமூணு கிலோமீட்டர் குடுக்குது. பாரத்தை வெச்சு ஏத்தத்துல பழசை முந்திரும், பொய் சொல்லக் கூடாது. ஆனா டீசல் ஊத்தினாப் பத்தாது, பொகை கொறையறதுக்கு யூரியாத் தண்ணியும் தனியா ஊத்தோணும். அது தீந்தாலும் லைட்டு எரியும், பொகைக் கொழாய் அடைச்சாலும் லைட்டு எரியும், ஒரு சென்சாருல தூசி பட்டாலும் எரியும். எரிஞ்சா வண்டி தானாப் பலத்தைக் கொறைச்சுக்கும். வாங்குன மறுநாளே வெலையும் எறங்கிப் போயிரும். இதெல்லாம் எனக்கு எப்பிடித் தெரியும்னு பாக்கறீங்களா? ரெண்டையும் ஒண்ணா ஏத்திப் பாத்தேனுங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நாலு வருசத்துக்கு முன்னாடி ஒரு ஆடி மாசம். அவரு ஒரு நாள் சாப்பிட்டுட்டு இருக்கறப்ப, "இந்த வண்டிக்கு வயசாயிருச்சு அம்மிணி"ன்னாரு.

"நமக்கு ஆகலீங்களா?"ன்னேன். சிரிச்சாரு. அதோட உட்டுட்டாருன்னு நெனைச்சேன்.

உடலை. போனுல புது வண்டிப் படத்தையாப் பாத்துட்டு இருப்பாரு. இந்த வெள்ளை வண்டியேதான். கதவைத் தொறக்கறது, மூடறது, உள்ள மூணு பெடலைக் கிட்டக் காட்டறது. பெடலைக் காட்டற எடத்துல நிறுத்தி நிறுத்திப் பாப்பாரு. "ஏனுங்க, அம்பத்தாறு வயசுல பொண்ணுப் பாக்கறீங்களா?"ன்னு நானு கேலி பண்ணுவேன். அவருக்குக் காதெல்லாம் செவந்துரும்.

அப்பத்தான் செருப்பைத் தொலைக்க ஆரம்பிச்சாரு. எடது கால் செருப்பு மட்டும். வீட்டுக்கு வந்து எறங்கினா வலது காலுல செருப்பு இருக்கும், எடது காலுல இருக்காது. "எங்கீங்க?"ன்னா, குனிஞ்சு காலைப் பாப்பாரு, அப்பத்தான் அவருக்கே தெரியும். மூணு மாசத்துல மூணு செருப்பு. "கொழந்தையாட்டமா?"ன்னு திட்டிட்டு, பின்னாடி வார் வெச்ச செருப்பா வாங்கிக் குடுத்தேன். வாரை நானே இறுக்கிப் போட்டு உட்டேன். அது போகுமா? போகலை. பாத்தீங்களா, நாஞ் சொன்னது செரியாப் போச்சுன்னேன்.

டீ ஆறுதுங்க, எடுத்துக்கங்க.

அப்பறம் ஒரு நாள், எங்க மெக்கானிக் அமானுல்லா வந்தாரு. நல்ல மனுசன், பதினஞ்சு வருசப் பழக்கம். வண்டிக்கடியில படுத்துப் பாத்துட்டு, "அக்கா, கிளட்ச்சை மாத்திரலாமா? ஆயில்ல வேலை செய்யற மாதிரி ஒரு செட்டு இருக்குது, மிதிக்க லேசா இருக்கும்"ன்னாரு. எங்கூட்டுக்காரரு அக்கட்டால தண்ணித் தொட்டிகிட்ட நின்னுட்டு என்ற மொகத்தையே பாத்துட்டு இருந்தாரு.

"ராணுவத்துல எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே இருக்கோணும்"ன்னேன் நானு. "நல்ல வண்டியில கையை வெச்சுக் கெடுக்காதீங்க பாய். இதே கிளட்ச்சை அவரு இருவது வருசமா மிதிக்கலையா?"

அமானுல்லா அவரைப் பாத்தாரு. அவரு, "அம்மிணி சொல்றது செரிதான் பாய்"ன்னுட்டு உள்ள போயிட்டாரு. முடிஞ்சுது பேச்சு.

ஆனாலும் மனசுல அந்தப் புது வண்டி ஆசை போகலைன்னு எனக்குத் தெரிஞ்சுதுங்க. ஆசையை அறுக்கோணும்னா ஒரே வழிதான், ரெண்டையும் ஒரே பாரத்தைக் கட்டி மலையேத்திக் காட்டறது. நானே ஷோரூமுக்குப் போன் பண்ணுனேன். ஓட்டிப் பாக்க ஒரு வண்டி கொண்டாங்கன்னேன். ஒருத்தரு கொண்டாந்தாரு, கழுத்துல அட்டையெல்லாம் தொங்கப் போட்டுட்டு.

நானே சட்டம் போட்டேன். ஒரே டிரெய்லரு, மேல ஒரே காரு. மொதல்ல பழசுல பண்ணாரியிலிருந்து திம்பம் வரைக்கும், எறங்கி வந்து அதே டிரெய்லரைப் புதுசுல மாட்டி இன்னொரு தடவை. ரெண்டையும் அவருதான் ஓட்டோணும். நானு பக்கத்துல ஒக்காந்து மணி பாப்பேன்.

பழசு எப்பவும் போல ஏறுச்சு. அம்பது நிமிசம். அவருக்கு வேர்த்துக் கொட்டிருச்சு. சட்டை முதுகோட ஒட்டிட்டுது. திம்பத்துல எறங்கி ஒரு பாறை மேல ரொம்ப நேரம் ஒக்காந்திருந்தாரு. "என்னங்க, எந்திரிங்க, அடுத்த வண்டி"ன்னேன். "இரு அம்மிணி"ன்னாரு.

அப்பறம் புதுசு. தம்பி, ஒண்ணு சொல்றேன். அந்த வண்டியில ஒக்காந்து மொத மூணு வளைவு தாண்டுனதும் அவரு வாய்க்குள்ள பாட்டுப் பாட ஆரம்பிச்சாரு. நானு கேட்டு ஒரு வருசம் இருக்கும். பழைய பாட்டு ஒண்ணு, எங்க கல்யாணமான புதுசுல பாடுவாரு. வளைவுல ஸ்டேரிங்கை ஒரு கையில திருப்பறாரு, கியரு மாத்தறாரு, பாடறாரு. மொகமே வேற. எனக்கு என்ன தோணுச்சுங்கறீங்க? வயித்தெரிச்சல். இருவத்திரெண்டு வருசம் சோறு போட்ட வண்டியை ஒரு மணி நேரத்துல மறந்துட்டாரு பாருன்னு தோணுச்சு.

பன்னெண்டாவது வளைவுல மஞ்ச லைட்டு எரிஞ்சுது. வண்டியோட பலம் சுத்தமா எறங்கிப் போச்சு, எருமையாட்டம் நடக்குது. பின்னாடி வர்ற பஸ்ஸு ஹாரனடிக்குது. ஓரங்கட்டி நிறுத்துனாரு. பின்னாடியே பைக்குல வந்த அட்டை போட்டவரு ஓடியாந்து, "ஒண்ணுமில்லீங்க, சென்சாரு, பத்து நிமிசம்"னு லேப்டாப்பைச் சொருகினாரு.

நானு சிரிச்சேன் பாருங்க. அப்பிடிச் சிரிச்சேன். எறங்கி ரோட்டுல நின்னு கையத் தட்டிச் சிரிச்சேன். "இதுக்குத்தானுங்களா இத்தனை ஆசை? பாரத்தோட நடு மலையில நிக்கற வண்டியை வெச்சுட்டு நாம மத்தவிய வண்டியைத் தூக்கப் போறமா?"

அவரு ஸ்டேரிங்கு மேல கையை வெச்சு, "ஒரு லைட்டுத்தானே அம்மிணி"ன்னாரு. மெல்லமா. கெஞ்சற மாதிரி.

"இன்னைக்கு லைட்டு. நாளைக்கு?"

பத்து நிமிசத்துல செரியாயிருச்சு, நிசந்தான். நின்ன நேரத்தைக் கழிச்சாப் புதுசு முப்பத்தாறு நிமிசத்துல மலை ஏறிருச்சு. அதையும் நானு யாருகிட்டயும் சொல்லலை, இப்ப உங்ககிட்டத்தான் சொல்றேன். கீழ வந்து டீக்கடையில நின்னு எல்லாருகிட்டயும் பன்னெண்டாவது வளைவுக் கதையை மட்டும் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரு. அந்த வாரத்துக்குள்ள செக்போஸ்ட்டுக்காரங்க வரைக்கும் "என்ன சென்னியண்ணா, லைட்டு எரிஞ்சுருச்சா?"ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. அதுக்கப்பறம் அவரு புது வண்டிப் பேச்சை எடுக்கவே இல்லைங்க. போனுல படம் பாக்கறதும் நின்னுபோச்சு. நானு ஜெயிச்சுட்டேன்னு இருந்தேன்.

அடுத்த வைகாசி. மைசூருல ஒரு வாத்தியாரு, அவரு காரு ஆசனூருக்கிட்ட நின்னு போச்சுன்னு போன் வந்துச்சு. காலையில பத்து மணிக்குப் போயிக் காரை டிரெய்லர்ல ஏத்தினோம். வாத்தியாரு குடும்பத்தைப் பஸ் ஏத்தி உட்டுட்டு, நாங்க எறங்க ஆரம்பிச்சோம். வெயிலு. ரோட்டுல கொரங்கு. ஒண்ணும் விசேசமில்லை. நானு வழக்கம் போல, "ஹாரனடிங்க, எடதுல ஒடிங்க, மெல்ல, மெல்ல"ன்னு சொல்லிட்டே வந்தேன். ஒவ்வொரு வளைவுக்கும் சொல்லுவேன். பழக்கம்.

பத்தொன்பதாவது வளைவுக்கு மேல, மூணாவது கியருல இருந்து ரெண்டுக்கு மாத்தோணும். அப்ப ஒரு சத்தம், கியரு கரகரன்னுச்சு. இருவத்திரெண்டு வருசத்துல அவரு கையில அந்தச் சத்தம் வந்ததில்லை. என்னன்னு திரும்பிப் பாத்தேன்.

வலது கையில ஸ்டேரிங்கு. எடது கை கியருல இல்லை தம்பி. எடது கையால அவரோட மொழங்காலைப் புடிச்சுக் கீழ அமுத்திட்டு இருந்தாரு. காலு தானாப் போகாம, கையால அமுத்திக் கிளட்ச்சை மிதிக்கறாரு. அமுத்திட்டு, வெடுக்குன்னு கையை எடுத்துக் கியரைப் போடறாரு. அதுக்குள்ள காலு மேல வந்துருது. கியரு மூணுல இருந்து வெளிய வந்துருச்சு, ரெண்டுல உழுகலை. வண்டி சும்மா உருளுது. பின்னாடி டிரெய்லரு தள்ளுது.

"ஏனுங்க!"ன்னு கத்துனேன்.

"கையைக் கெட்டியாப் புடிச்சுக்க அம்மிணி"ன்னாரு. கத்தலை. சாதாரணமாச் சொன்னாரு. பிரேக்கை மிதிச்சுட்டே, பள்ளத்துப் பக்கம் போகாம, மலைப் பக்கம் ஒடிச்சு, ஓரத்துக் காவாயில வண்டியை எறக்கி மண்ணோட தேச்சாரு. முப்பதடி தேச்சுட்டுப் போயி நின்னுது. நானு இருந்த பக்கம் மலை. அவரு பக்கம் ரோடு. எனக்குத் தோள்ல ஒரு கீறல், அவருக்கு அதுவுமில்லை. வாத்தியாரு காருல ஒரு கோடு உழுகலை. அப்பிடி நிறுத்துனாரு.

இன்ஜின் அணைஞ்சுது. அவரு கை இன்னும் மொழங்கால் மேல இருந்துச்சு.

"எத்தனை நாளா இப்பிடி மிதிக்கறீங்க?"ன்னேன்.

"ஆடியிலிருந்து."

பத்து மாசம் தம்பி. பத்து மாசமா நானு பக்கத்துச் சீட்டுல ஒக்காந்துட்டு இருந்தேன். ரோட்டைப் பாத்தேன், வளைவைப் பாத்தேன், எதிர்ல வர்ற லாரியைப் பாத்தேன்.

கோயமுத்தூர்ல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டரு அவரைப் பாத்ததும், "வாங்க சென்னியப்பன்"ன்னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு. ஏற்கெனவே மூணு தடவை தனியா வந்திருக்காரு. நரம்புச் சீக்கு. எடது காலுல ஆரம்பிச்சு அப்பறம் வலது காலு, கை, நாக்குன்னு ஒண்ணொண்ணாப் போகுமாம். மருந்தில்லையாம். "இப்போதைக்கு லேசான கிளட்ச் இருக்கற வண்டியா ஓட்டுங்க, கனமான வண்டியைத் தொடாதீங்கன்னு போன வருசமே சொன்னனே, மாத்தலையா?"ன்னு டாக்டரு என்னைப் பாத்துக் கேட்டாரு.

அவரு முந்திக்கிட்டாரு. "எனக்குத்தான் அந்தப் பழைய வண்டியை உட மனசு வரலைங்க டாக்டர்"ன்னாரு.

வெளிய வந்து, "எங்கிட்ட ஏன் சொல்லலை?"ன்னு அழுதேன். "சொன்னா, வண்டியில ஏற உட மாட்டே. ஊட்டுல ஒக்கார வெச்சுருவே"ன்னாரு. அப்பறம், "எங்கூட்டுக்காரரு மாதிரி வண்டி ஓட்டற ஆளு இந்த மலையிலயே இல்லைன்னு நீ எல்லாருகிட்டயும் சொல்லிட்டு இருப்பியே அம்மிணி"ன்னாரு.

அமானுல்லாவைத்தான் புடிச்சுத் திட்டுனேன். "உங்களுக்குத் தெரியும். ஏன் பாய் சொல்லலை?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாருக்கா. அதான் கிளட்ச்சை மாத்தலாமான்னு உங்ககிட்ட வந்து கேட்டேன்"ன்னாரு. அந்த மனுசனை நானு அதுக்கு மேல என்னன்னு திட்டறது?

பச்சை வண்டியை இழுத்துட்டு வந்து இங்கதான் நிறுத்துனாங்க. அவரு தூங்கிட்டு இருந்தாரு. நானு கதவைத் தொறந்து டிரைவர் சீட்டுல ஏறி ஒக்காந்தேன். மொத தடவை. ஆமாங்க, இருவத்திரெண்டு வருசத்துல மொத தடவை. எதுக்கு ஒக்காரோணும், அது அவரு எடம். எடது காலைக் கிளட்ச்சுல வெச்சு மிதிச்சேன். அசையலை. ரெண்டு காலையும் வெச்சேன். ஸ்டேரிங்கைப் புடிச்சுட்டு, சீட்டுல இருந்து இடுப்பைத் தூக்கி, உசிரைக் குடுத்து மிதிச்சேன். பாதி போச்சு. பாதிதான். பல்லைக் கடிச்சு அமுத்தறேன், அதுக்கு மேல போக மாட்டேங்குது.

நானு நல்ல காலோட தம்பி. ஒரு சீக்கும் இல்லாத ரெண்டு காலோட.

திம்பம் ஏறி எறங்க எத்தனை தடவை கிளட்ச்சை மிதிக்கோணும்னு கணக்குப் போட்டுப் பாத்தேன். பாதியிலயே உட்டுட்டேன். அவரு பேச்சுக்கு நானு குறுக்க நின்னதே இல்லைன்னு ஆரம்பத்துல சொன்னனுங்களா? அப்பிடித்தான் நெனைச்சுட்டு இருந்தேன். அவரு எங்க பேசுனாரு, நானு குறுக்க நிக்கறதுக்கு.

மறுநாளே ஷோரூமுக்குப் போயி இந்த வெள்ளை வண்டிக்குப் பேரு எழுதி வெச்சேன். உடனே குடுன்னா இல்லைங்கறாங்க. எழுதி வெச்சவிய வரிசையில நிக்கறாங்களாம். ரெண்டரை மாசம். தெனமும் போன் பண்ணுவேன். அங்க போனை எடுக்கற பொண்ணு என்ற கொரலைக் கேட்டதுமே, "இன்னும் வரலைங்கம்மா"ன்னுரும். அந்த ரெண்டரை மாசத்துல எடது காலு மொழங்காலுக்குக் கீழ முழுசாச் செத்துப் போச்சு.

வண்டி வந்துச்சு. மாலை போட்டு, டயருக்கு எலுமிச்சம்பழம் வெச்சோம். அவரு புதுச் சட்டை போட்டுட்டு வந்தாரு. அவரோட எடது காலை நாந்தான் ரெண்டு கையாலயும் தூக்கி உள்ள வெச்சேன். தொடையில மட்டும் கொஞ்சம் பலம் இருந்துச்சு, அந்தப் பலத்துக்கே கிளட்ச்சு உள்ள போயிருச்சு. வெண்ணெய்ல வெரலு போற மாதிரி. அவரு என்னைத் திரும்பிப் பாத்தாரு. இப்பவும் அந்தப் பார்வை... செரி உடுங்க.

பத்தொன்பது நாள் ஓட்டுனாரு. மலைக்கு நானு உடலை, பண்ணாரி வரைக்கும் போயிட்டு வருவோம். பாட்டு மட்டும் பாடலைங்க. "பாடுங்க"ன்னு ஒரு நாள் கேட்டேன். நாக்கைக் காட்டிச் சிரிச்சாரு. அதுவும் மெல்ல மெல்லப் போயிட்டு இருந்துச்சு.

இருவதாம் நாள் கோயில் தாண்டி, ஓரமா நிறுத்திச் சாவியைத் திருப்பி அணைச்சாரு. "போதும் அம்மிணி. பிரேக்கு எங்க இருக்குன்னு வலது காலுக்குத் தெரியலை"ன்னாரு. சாவியை எடுத்து என்ற கையில வெச்சாரு. ரெண்டு பேரும் அங்கேயே ஒக்காந்திருந்தோம். அமானுல்லா வந்துதான் வண்டியை எடுத்துட்டு வந்தாரு.

அப்பறந்தான் நானு ஓட்டக் கத்துக்கிட்டேன், அம்பத்தோரு வயசுல. இந்த வெள்ளை வண்டியிலதான். லைசென்ஸ் எடுத்தேன். அவரைத் தூக்கிப் பக்கத்துச் சீட்டுல வெச்சு, பெல்ட்டு போட்டு, ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் கூட்டிட்டுப் போவேன். வண்டி அணைஞ்சு போகும், குலுங்கும், கியரு மாறாது. அவரு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு தம்பி. பிரேக்கடின்னு சொல்ல மாட்டாரு, ஹாரனடின்னு சொல்ல மாட்டாரு, மெல்லப் போன்னு சொல்ல மாட்டாரு. என்ற காலைத்தான் பாத்துட்டு வருவாரு. கிளட்ச்சுல வெச்சிருக்கற காலை. "வலிக்குதா?"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டாரு.

கடைசியா வந்து பாத்தது ஆசனூர்க்காரரு ஒருத்தரு, பழைய பழக்கம். கட்டிலுக்குப் பக்கத்துல ஒக்காந்துட்டு, "சென்னியண்ணா, ரெண்டு வண்டியையும் ஓட்டிட்டீங்க. எது தேவலைங்க?"ன்னு கேட்டாரு. நானு சமையக்கட்டுல இருந்தேன். அவரு பேச்சு அப்ப யாருக்கும் புரியாது, எனக்கு மட்டுந்தான் புரியும். ஒவ்வொரு சொல்லா இழுத்து இழுத்து, எனக்குக் கேக்கோணும்னு சத்தமாச் சொன்னாரு.

"எங்கூட்டுக்காரி சொன்னதுதான் நெசம். இழுவைக்குப் பழசுதான்."

என்னைக் குத்திக் காட்டறதுக்குச் சொல்லியிருந்தா நானு தாங்கியிருப்பேன். அப்பிடிச் சொல்லலைங்க. எனக்கு மனசு ஆறட்டும்னு சொன்னாரு. கழுவுன பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவிட்டு நின்னேன். தை மாசம் போயிட்டாரு.

பொண்ணு பெங்களூருக்கு வந்துருங்கறா. அதுதான் ரெண்டையும் குடுத்தர்றேன்னு சொன்னது. நீங்க பச்சையவே பாத்துட்டு இருக்கறீங்க. தெரியுது. வெலையும் கம்மி, இழுவையும் நெறைய, ரிப்பேரும் சுளுவு. செலவு பாக்கற ஆளு அதைத்தான் எடுக்கோணும். நானும் அதைத்தான் சொன்னேன்.

ஆமா, நீங்க இங்க வந்தது காருலதானே? வண்டியை ஓட்டப் போறது யாருங்க? உங்க அண்ணனுங்களா? அவருக்கு என்ன வயசு? அம்பதா... அவரு ஏன் வரலை? "அவருக்கு என்னத்தைத் தெரியும், நான் பாத்து எடுத்தா ஓட்டுவாரு"ங்கறீங்க.

இல்லைங்க தம்பி. அட்வான்ஸை உள்ள வைங்க. பணத்துக்காகச் சொல்லலை. ஆனைமலையிலிருந்து இங்க வர நாலு மணி நேரம் ஆகுமா? ஆகட்டும். நாளைக்கு வேண்டாம், நாளானைக்கு வாங்க, அவரைக் கூட்டிட்டு வாங்க. ரெண்டு வண்டியிலயும் அவரை ஏறி ஒக்கார உடுங்க. மலை வரைக்கும் ஓட்டிட்டுப் போயிட்டு வரட்டும். நீங்க கூடப் போக வேண்டாம், இங்க எங்கூட ஒக்காந்திருங்க. திரும்பி வந்து எறங்கினதும் எது வேணும்னு அவரே சொல்லட்டும். சொல்லலைன்னா, சொல்ற வரைக்கும் கேப்போம்.

வெள்ளைதான் வேணும்னு சொன்னா, பச்சை வெலைக்கே எடுத்துட்டுப் போங்க.